பிள்ளைவாளுக்கு ஒரு இலை

டாக்சி மலாக்காவின் காஜா பேராங் பக்கம் திரும்பியதுமே கலியாணசுந்தரம் பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டார். பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த தனலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு இந்தச் செருமல் தெரியாதா என்ன? மனுஷர் பேசப் போகிறார். பேசினால் பிள்ளைமாரைப் பற்றித்தான் பேசுவார். இன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு வரக்கூடாதா என்று அவள் புக்கிட் பாருவில் வண்டி ஏறும்போதே பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையாருக்கு வேறு வேலை இருந்தது போலிருக்கிறது.

"நாராயண பிள்ளைன்னு ஒருத்தரு," என்று ஆரம்பித்தார். "வெள்ளக்காரன் சிங்கப்பூர்ல கால வச்ச கையோட அங்க போனவரு. மாரியம்மனுக்குக் கோயில் கட்டுனது யாரு? ஒரு பிள்ளை."

"தெரியும்ங்க."

"அதுக்கு எத்தினியோ காலம் முன்னாடி இந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இங்க வந்துட்டாங்க தனம். போர்த்துகீசியன் வர்றதுக்கும் முன்னாடி. நானூறு வருஷத்துப் பிள்ளை. யாருக்குக் கெடைக்கும் இப்பிடி ஒரு சம்பந்தம்?"

அவருக்கு அந்தப் பெயரின்மேல் இருந்த பித்து கொஞ்சநஞ்சமல்ல. ரப்பர் கிட்டங்கியில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா உத்தியோகம். அங்கே முதலாளியான சீனத் தவுக்கேயிலிருந்து மூட்டை தூக்குகிறவன் வரைக்கும் அவரை 'பிள்ளை' என்றுதான் கூப்பிட வேண்டும். மிஸ்டர் சுந்தரம் என்று யாராவது கூப்பிட்டால் காது கேட்காது. தூத்துக்குடியில் வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கப்பல் விட்ட பிள்ளையின் படம் வீட்டுக் கூடத்தில் சாமி படத்துக்கு ஒரு விரற்கடை கீழே மாட்டியிருந்தது. ஈப்போவில் வழக்கு ஜெயித்த வக்கீல், சிரம்பானில் பந்து தடுத்தவன் என்று பேப்பரில் எந்த மூலையில் ஒரு பிள்ளை வந்தாலும் அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர்கள் அந்தக் கதையைக் கேட்காமல் காப்பி குடிக்க முடியாது. ஒரு தடவை கூட்டுறவுப் பணத்தைக் கையாடி ஒரு பிள்ளை உள்ளே போனார். "அவன் வேற பிள்ளை," என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டார். வீட்டில் மீன் வாசனையே ஆகாது. சைவம். அதுவும் அந்தப் பெயரோடு சேர்ந்து வந்த சொத்து.

இப்படிப்பட்ட மனுஷரிடம் கோகிலா வந்து, தபாலாபீசில் வேலை பார்க்கும் தியாகுவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது, வீடு ரெண்டுபடப் போகிறது என்றுதான் தனலட்சுமி நினைத்தாள். பையன் மலாக்காச் செட்டி, எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து மலாய்ப் பெண்களைக் கட்டிக்கொண்டவர்களின் வம்சம். கோயிலுக்குப் போவார்கள், விபூதி பூசுவார்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் கெபாயாவும் சாரோங்கும் உடுத்துவார்கள். ஆனால் பையனின் முழுப்பெயர் தியாகு பிள்ளை என்று கேட்டதும் கலியாணசுந்தரம் பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது. வேறு ஒன்றும் விசாரிக்கவில்லை. கம்பம் என்கிற அந்தக் குடியிருப்பில் பிள்ளையும் நாயக்கரும் செட்டியும் ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து, பெண் எடுத்து, அப்பன் பெயருக்குப் பின்னால் எது இருக்கிறதோ அது மகனுக்கு என்று தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தன் வீட்டுப் பெயரும் அவர்கள் வீட்டுப் பெயரும் ஒரே மரத்துக் காய் என்று முடிவு கட்டிவிட்டார்.

அதோடு போயிருந்தால் தனலட்சுமி நிம்மதியாக இருந்திருப்பாள். ஆனால் போன வாரம் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது கோகிலா வந்து காதோடு சொல்லிவிட்டாள். தியாகுவின் அப்பா இராமலிங்கம் பிள்ளை, பிறப்பால் சீனர். தெங்கேரா என்கிற பேட்டையிலிருந்து கைக்குழந்தையாக எடுத்து வளர்த்த பிள்ளை. அவர்கள் ஒன்றும் மறைக்கவில்லை; கேட்டால் சொல்வார்கள், யாரும் கேட்கவில்லை. "அப்பாகிட்ட இப்ப சொல்லிடாதம்மா," என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். கோகிலா எதற்கும் அழாத பெண். அன்றைக்கு அழுதாள். இந்தக் கல்யாணம் நின்றால் அந்தப் பெண் இன்னொருவனுக்குக் கழுத்தை நீட்டமாட்டாள் என்று பெற்றவளுக்குத் தெரிந்துபோயிற்று.

இன்னொரு விஷயமும் தனலட்சுமிக்குத் தெரியும். அது அவள் நெஞ்சுக்குள்ளேயே கிடக்கிறது. கோகிலா பிறந்து தீட்டுக் கழிவதற்குள் ஒரு மத்தியானம் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னது. "உங்க மாமா பேரு வெறும் அப்பாசாமி. எஸ்டேட்ல எல்லாரும் அப்படித்தான் கூப்புடுவாங்க. டவுனுக்கு வந்து கடையில சேர்றப்ப பேரு கேட்டாங்க, அப்பாசாமிப் பிள்ளைன்னு சொல்லிட்டாரு. சொன்னா யாருக்குத் தெரியப்போவுது? மகன் நல்லா வரணும்னு நெனச்சாரு." அதற்கு முன்னால் என்ன என்று கிழவி சொல்லவில்லை. தனலட்சுமியும் கேட்கவில்லை. தன் அப்பாவை ஏமாற்றித்தானே பெண் எடுத்தார்கள் என்று அன்று சாயங்காலம் வரை அழுதாள். அப்புறம் குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டியிருந்தது. மாமனாரை அவள் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். புருஷனுக்கு இந்த விஷயம் தெரியுமா தெரியாதா என்பது மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.

இந்த ஒரு வாரமாகத் தாளிக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் அவள் ஒன்றைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் சம்பந்தத்தை உதறிவிட்டு எழுந்தால், அந்த இடத்திலேயே மாமியார் சொன்னதை எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிடுவது. உடைத்தால் கோகிலாவுக்கு வாழ்க்கை கிடைக்குமோ என்னவோ, இந்த மனுஷர் அப்புறம் தலைநிமிர்ந்து நடக்கமாட்டார். ஆனாலும் சொல்வது என்றுதான் வண்டியேறியிருந்தாள்.

போகிப் பண்டிகை நாள். வருகிற ஆகஸ்டில் மெர்டேக்கா, சுதந்திரம் என்று கடைத்தெரு முழுக்க அதே பேச்சாக இருந்த வருஷம். செட்டி வீடுகளில் அன்றைக்குப் பர்ச்சு. இறந்துபோனவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவரவருக்குப் பிடித்ததை இலையில் வைத்துச் சாப்பிடச் சொல்லும் படையல். நிச்சயம் பேசுவதற்கு முன்னால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிய வேண்டும், பர்ச்சு அன்றைக்கே வாருங்கள் என்று இராமலிங்கம் பிள்ளை சொல்லி அனுப்பியிருந்தார். "பாத்தியா, பெரியவங்கள மதிக்கிற வம்சம்," என்று இவரும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாவிலைத் தோரணம் கட்டிய வாசலில் அந்த மனிதர் நின்றிருந்தார். சாரோங், வெள்ளை பாஜுச் சட்டை, தலையில் பாத்தேக் துண்டு, நெற்றியில் பட்டையாக விபூதி. அந்த விபூதிக்குக் கீழே சின்னக் கண்கள், எலுமிச்சம்பழ நிறம். கலியாணசுந்தரம் பிள்ளை ஒரு நொடி நின்றுவிட்டார். தனலட்சுமி பழத்தட்டை மாற்றிப் பிடித்தாள்.

"மலாய்க்காரப் பாட்டி யாராச்சும் இருந்திருப்பாங்க," என்று அவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "நானூறு வருஷம் ஆச்சுல்ல."

"ஆமாங்க."

"மாசோக், மாசோக் பெசான்," என்று இராமலிங்கம் பிள்ளை இரண்டு கையையும் நீட்டி உள்ளே அழைத்தார். சம்பந்தி என்பதற்கு மலாயில் பெசான். இன்னும் ஒன்றும் பேசி முடிக்கவில்லை, அதற்குள் உறவு சொல்லிக் கூப்பிட்டதில் தனலட்சுமிக்குக் கண் கலங்கியது. பிறகு நடந்த பேச்செல்லாம் மலாயில்தான். கிராணிக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. தனலட்சுமிக்கும் பாசார் சந்தைக்குப் போய்ப் போய் நன்றாகவே காது பழகியிருந்தது.

கூடத்தில் உட்கார்ந்ததும் பேச்சில் நாராயண பிள்ளை வந்தார், கப்பல் விட்டவர் வந்தார், சிரம்பான் பந்துக்காரன் வந்தான். இராமலிங்கம் பிள்ளை ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். அவர் மனைவி சிவகாமசுந்தரி கெபாயாவில் வந்து காப்பி வைத்துவிட்டு, தனலட்சுமியின் கையை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனாள். தியாகு கதவோரம் நின்றான். அவனுக்கு மட்டும் அந்த வீட்டில் கொஞ்சம் தமிழ் தெரியும், கோகிலாவிடம் கற்றுக்கொண்டது.

"மெர்டேக்கா வந்ததும் நம்ம பேருக்கு ஒரு மதிப்பு இருக்கும் பாருங்க," என்றார் கலியாணசுந்தரம் பிள்ளை. "உங்க வம்சத்துல பேர் எடுத்த பிள்ளைங்க யாரு யாரு? சொல்லுங்க, நான் தெரிஞ்சுக்கணும்."

இராமலிங்கம் பிள்ளை உண்மையாகவே யோசித்தார். "பேர் எடுத்தவங்கன்னா எங்க அம்மாதான். அவங்க கிண்டுற டோடோல் அல்வாவுக்கு இந்தக் கம்பமே காத்துக்கிட்டு இருக்கும். அப்புறம் எங்க சித்தப்பா. மழையில கூட அடுப்பு பத்தவச்சிடுவாரு."

கலியாணசுந்தரம் பிள்ளை சத்தமாகச் சிரித்தார். பெரிய இடத்து அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். இந்தச் சிரிப்போடு இப்படியே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தனலட்சுமி நினைத்தாள். ஆனால் உள்ளே மணி அடித்தது. படையலுக்கு எல்லாரும் எழுந்தார்கள்.

அறையில் பாய் விரித்து இலைகள் வரிசையாகப் போட்டிருந்தன. சாம்பிராணிப் புகை. தேங்காய்ப்பால் சோறு, மீன் சம்பல், நண்டு, கோழி, பல நிறத்தில் பலகாரம். கலியாணசுந்தரம் பிள்ளை கைக்குட்டையை எடுத்து மூக்கை ஒற்றிக்கொண்டார். ஊர் வழக்கம், போகட்டும் என்ற முகம். இராமலிங்கம் பிள்ளை விருந்தாளிக்கு வீட்டு மனிதர்களை அறிமுகம் செய்கிற மாதிரி ஒவ்வொரு இலையாகக் காட்டினார். இது அப்பா, சுருட்டு இல்லாமல் கை நனைக்கமாட்டார். இது அம்மா, நண்டு என்றால் உயிர். இது சித்தப்பா. தனலட்சுமி இலைகளை எண்ணவில்லை. ஓரத்தில் இருந்த ஒரு இலையைத்தான் பார்த்தாள். அந்த இலையில் ஒரு பீங்கான் கிண்ணம், பக்கத்தில் சின்னக் கோப்பையில் வெறும் தேநீர், கிண்ணத்தின்மேல் சீனர்கள் சாப்பிடும் குச்சி ஒரு ஜோடி.

அவளுக்கு முன்னால் அவரும் பார்த்துவிட்டார்.

"இது யாருக்கு?"

"என்னைப் பெத்தவங்களுக்கு," என்றார் இராமலிங்கம் பிள்ளை. மற்ற இலைகளைச் சொன்ன அதே குரலில் சொன்னார். "தெங்கேராவுல இருந்த சீன அம்மா. கைக்குழந்தையா எங்க அம்மா கையில குடுத்துட்டுப் போயிட்டாங்க. பேரு தெரியாது, மாக், அம்மான்னு மட்டும் கூப்புடுவேன். என்ன புடிக்கும்னும் தெரியாது. அதனால எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் வெப்போம்."

கலியாணசுந்தரம் பிள்ளையின் காது மடல் சிவந்தது.

"அப்ப நீங்க பிள்ளை இல்லையா?"

"பிள்ளைதான்," என்றார் அவர், கேள்வி புரியாதவராக. "எங்க அப்பா பிள்ளை."

கலியாணசுந்தரம் பிள்ளை மனைவி பக்கம் திரும்பினார். இனி தமிழ்தான். "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அம்மாவும் மகளும் சேந்துகிட்டு என்னை முட்டாளாக்கிட்டீங்க." குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "கெளம்பு. தட்ட எடுத்துக்க."

கதவோரம் தியாகு வெளுத்துப்போய் நின்றான். தனலட்சுமி தட்டை எடுக்கப் போகவில்லை. ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்த வாக்கியம் தொண்டை வரை வந்துவிட்டது. கோகிலா வீட்டு வாசலில் நின்று டாக்சி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். சொல்லிவிடு, இப்போது சொல்லாவிட்டால் எப்போது என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் முகத்தைப் பார்த்தாள். கோபமாக இருந்தால் சொல்லியிருப்பாள். அந்த முகத்தில் இருந்தது பயம். யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்கிற மாதிரியான பயம். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்பாவின் பேர் எப்படி வந்தது என்று இவருக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்தே தெரியும்.

இராமலிங்கம் பிள்ளைக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் விஷயம் தெரிந்துவிட்டது. அவர் வழியை மறிக்கவில்லை.

"போறதா இருந்தா போங்க பெசான், நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்," என்றார். "ஆனா ஒரு சங்கடம் இருக்கு. உங்க வீட்டுப் பெரியவங்களுக்கும் ஒரு இலை போட்டாச்சு. சம்பந்தம் பேச வர்றவங்க வீட்டு ஆளுங்களையும் கூப்புடுறது எங்க வீட்டு வழக்கம். காலையிலயே வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்புட்டுட்டேன்." பீங்கான் கிண்ணத்துக்கு அடுத்து ஒரு இலை ஒன்றும் வைக்காமல் கிடந்தது. "வந்தவங்க வெறும் இலை முன்னால உக்காரக் கூடாது. உங்க அப்பாவுக்கு என்ன புடிக்கும்? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

கலியாணசுந்தரம் பிள்ளை அந்த வெறும் இலையைப் பார்த்தார். கோட்டுப் பொத்தானைத் திருகினார். "எங்க அப்பா சைவம்," என்றார். "பருப்பு. நெய். ஒரு பொரியல்."

சிவகாமசுந்தரி தலையாட்டிவிட்டு அடுப்படிப் பக்கம் நகர்ந்தாள். பருப்பு இல்லாத வீடா, போட்டுவிடுவாள். காரியம் முடிந்துவிடும், இவரும் கிளம்பிவிடுவார். ஆனால் அவர் நகரவில்லை. இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இலைக்கு முன்னால் ஒரு மனுஷர் வந்து உட்கார்ந்து, பருப்பைப் பார்த்துவிட்டு மகனை நிமிர்ந்து பார்க்கிற மாதிரி தனலட்சுமிக்கே தோன்றியது. பாவம், அந்த மாமனாரை அவள் கண்டதுகூட இல்லை.

"ஏங்க," என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "மாமா பசியோட வந்திருப்பாங்க."

அவர் திரும்பவில்லை.

"அத்த எங்கிட்ட சொல்லிட்டாங்க. கோகிலா பொறந்தப்பவே."

இப்போது திரும்பினார். தனலட்சுமிக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. கூடத்தில் மாட்டிய படம், பேப்பர் கதை, சாப்பாட்டு மேசையில் நடந்த பிரசங்கம் எல்லாவற்றையும் இவள் தெரிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள், ஒரு நாள்கூடச் சிரிக்கவில்லை, ஒரு சண்டையில்கூட வாய் தவறவில்லை என்பது அவருக்குள் ஒவ்வொன்றாக இறங்குவது முகத்தில் தெரிந்தது. வெட்கத்தில் மனுஷர் குன்றிப்போனார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குத்துவதற்கென்று கொண்டுவந்த வார்த்தை எப்படி இப்படி வெளியே வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"கருவாடு," என்றார் கலியாணசுந்தரம் பிள்ளை. தமிழில்தான் வந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, சிவகாமசுந்தரிக்குக் கேட்கிற மாதிரி மலாயில் சொன்னார். "பருப்பு வேணாம். இக்கான் கெரிங். நெருப்புல சுட்டது. பழைய சோறு இருந்தா அதையும் வைங்க."

அந்த வீட்டில் யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. கருவாடு கேட்டால் என்ன அதிசயம், மலாக்காவில் எந்த வீட்டில் இல்லை? அடுப்படியில் கனல் சீறியது, வாசனை வந்தது. சிவகாமசுந்தரி வாட்டிய கருவாட்டை ஒரு தட்டில் கொண்டுவந்து இலையில் வைத்தாள், பக்கத்தில் தண்ணீர்ச் சோறும் உரித்த சின்ன வெங்காயமும். கலியாணசுந்தரம் பிள்ளை கோட்டைக் கழற்றி மடித்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் தியாகுவிடம் நீட்டினார். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"பேர் சொல்லிக் கூப்புடுங்க பெசான்," என்றார் இராமலிங்கம் பிள்ளை.

அவர் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இலையின் ஓரத்தை நேராக இழுத்துவிட்டார்.

"அப்பா," என்றார். "அப்பாசாமி."

தனலட்சுமி அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தாள். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் இல்லாமல் ஒரு ஆண்பிள்ளையின் பெயர் வந்து அவள் கேட்டதில்லை.

"வாங்கப்பா. வந்து சாப்புடுங்க," என்று முடித்துவிட்டார்.

படைத்த பிறகு எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்த வேண்டும். வந்தவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டும் அல்லவா. சிவகாமசுந்தரி கதவுப் பக்கம் போனாள். தியாகு கோட்டோடு வெளியேறினான். கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கிற நேரமும் அது இல்லை.

"கொஞ்சம் இருங்க," என்றார் கலியாணசுந்தரம் பிள்ளை. சட்டைக் கையை முழங்கை வரை மடித்து விட்டுக்கொண்டார். "கடைசியில அவருக்குப் பல்லே இல்ல."

இலையிலிருந்து கருவாட்டை எடுத்து நடு முதுகில் கட்டைவிரலால் அழுத்திப் பிளந்தார். முள் முழுசாக, ஒரே இழுப்பில், சதை ஒட்டாமல் கையோடு வந்தது. அந்த விரல்களுக்கு ஒன்றும் மறந்திருக்கவில்லை. தனலட்சுமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் துண்டு துண்டாகப் பிய்த்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பொடி முள்ளைப் பொறுக்கி இலை ஓரத்தில் வைத்துக்கொண்டே போனார். இராமலிங்கம் பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாரோங்கைச் சுருட்டிக்கொண்டு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வால் பக்கத்துத் துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அவரும் முள் பார்க்க ஆரம்பித்தார்.